இடது பெருவிரலுக்கு ஒரு காப்பு

ஆட்டு ஈரல் வாங்குவது என் உத்தியோகம். இதை நான் வெளியில் சொல்வதில்லை. கரமனை அக்ரகாரத்தில் யாராவது கேட்டால், ஆராய்ச்சி நிலையத்தில் கொள்முதல் பிரிவு என்பேன். அது பொய்யும் இல்லை. காகிதம், கையுறை, கண்ணாடிக் குழாய், ஏ.சி. ரிப்பேர் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், 'ஈரல், ஆடு, முழுசு, இரத்தக் குழாய்களுடன், எண்ணிக்கை ஒன்று' என்று கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ளே அனுப்புகிறவனும் நான்தான். வெங்காயத்தையே வாரத்தில் பாதி நாள் விலக்கி வைக்கிற வீட்டிலிருந்து வருகிறவனுக்கு இப்படி ஒரு வேலை. அரசாங்கத்துக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று யார் சொன்னது?

நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஸ்ரீகண்டன் என்கிற என் பெயரைச் சொன்னதே அதிகம். ஆனால் வேல்சாமியின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் அறிக்கைகளில் அவர் 'வழங்குநர்' என்று ஒரு வார்த்தையாக இருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனைக்கும் அந்த வார்த்தையைத் தட்டச்சு செய்தவன் நான்.

வேல்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இருபது வயதில் தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கி, ஓட்டலில் தட்டு எடுத்து, கட்டட வேலைக்கு ஜல்லி சுமந்து, கடைசியில் கிள்ளிப்பாலத்தில் ஒரு ஆட்டுக்கறிக் கடையில் சேர்ந்தார். முதலாளி காலமானதும் கடையை அவரே எடுத்து நடத்துகிறார். குட்டையான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய கைகள். இடது பெருவிரலின் நுனி கிடையாது. தொழில் பழகின முதல் மாதமே கத்தி அதைச் சரிவாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. நகம் பாதிதான் இருக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கடை வாசலில் நான் போய் நின்றதற்குக் காரணம் டாக்டர் பத்மப்ரியா. எங்கள் நிலையத்து விஞ்ஞானி, முப்பத்து மூன்று வயது, எங்களுக்கு அடுத்த தெருப் பெண்தான். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "சார், எனக்கு வாராவாரம் ஒரு ஆட்டு ஈரல் வேணும். அறுத்த ஒடனே எடுத்ததா இருக்கணும்," என்றாள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுல குடித்தனக்காராளை எல்லாம் காலி பண்ணிட்டு, செவுரு, கதவு, தண்ணிக் குழாய் எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கறோம்னு நெனச்சுக்கோங்கோ. ஈரல்ல இருக்கற செல்லை எல்லாம் சோப்புத் தண்ணி விட்டு அலம்பி வெளியேத்திட்டா, வெறும் கூடு மிஞ்சும். அதுல புதுச் செல்லைக் குடிவெக்கறது. அது வேலை செய்யறதான்னு பாக்கறது."

"எங்காத்து மாடியில இருக்கறவனை நாப்பது வருஷமா காலி பண்ண முடியலை. நீ சோப்புத் தண்ணியிலேயே காலி பண்ணறியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கூட்டில் முக்கியம் குழாய்கள்தான். ஈரலுக்குள் போகிற பெரிய இரத்தக் குழாய் நாலு விரல் நீளத்துக்காவது வெளியில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதில்தான் ரப்பர் குழாயைச் செருகி உள்ளே தண்ணீர் விட முடியும். கறிக்கடைகளில் அதை ஒட்ட நறுக்கி எறிந்துவிடுகிறார்கள்.

ஐந்து கடை ஏறி இறங்கினேன். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, நாலு விரல் நரம்பு விட்டு ஈரல் வேண்டும் என்று கேட்கிற குடுமி வைக்காத ஐயரை எந்தக் கறிக்கடைக்காரர் நம்புவார்? ஒருவர் என்னைப் பில்லி சூனியம் வைக்கிற ஆள் என்று நினைத்து விரட்டினார். ஆறாவது கடை வேல்சாமியுடையது.

"நாலு வெரலுக்கு வுட்டு அறுக்கணும், அவ்வளவுதான? கொழப்பமில்ல. எதுக்கு சாமி?" என்றார்.

குடித்தனக்காரர் கதையை அவருக்கும் சொன்னேன். ஈரல் கெட்டுப்போன மனிதர்களுக்கு இப்படி ஒரு ஈரல் செய்து வைக்க முடியுமா என்று உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள், எங்கள் இடத்திலும் பார்க்கிறார்கள் என்றேன். அவர் கத்தியைக் கட்டையில் வைத்தார்.

"எந் தம்பி மெடிக்கல் காலேஜ்லதான் சாமி போனான். மஞ்சக்காமால முத்திப் போச்சு. வேற ஈரல் வச்சாத்தான் பொழைப்பான்னு சொல்லிட்டாவ. பதினோரு நாளு வார்டு வாசல்ல உக்காந்திருந்தேன். தெனம் எங் கையில பதினஞ்சு ஈரல் வருது. அவனுக்குக் குடுக்க ஒண்ணு இல்ல, பாத்தீயளா."

எந்த நாள் தோதாக இருக்கும் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம் குறைவு என்பதால் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்தார்.

அப்படி ஆரம்பித்தது. பத்மப்ரியா கடைக்கே போய், குழாயை எப்படிச் செருகுவது, இரத்தம் உள்ளே உறைந்துவிடாமல் மருந்துத் தண்ணீரை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது வாரம் அவர் அதை அவளைவிட வேகமாகச் செய்தார். காலை ஏழரைக்கு ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். கேட்டில் இருக்கிற மேஜையிலிருந்து அவர் பெயர் எழுதின பாஸ் ஒன்றை நான் கொடுப்பேன். 'செல்லும் இடம்' என்கிற கட்டத்தில் 'சரக்கு வாயில்' என்று இருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முப்பது அடி நடந்து வந்து, அங்கே இருக்கும் ஊழியரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

"பத்து ஈரல எடுத்து அமுக்கிப் பாத்து, அதுல நம்பர் ஒண்ணத்தான் இங்க கொண்டாரேன் சாமி," என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர் கொடுக்க மாட்டார். கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் கொத்தாகத் தொங்கும். "எங்க கல்யாண போட்டோவ மாட்ட இந்தச் செவுத்துல ஒரு ஆணி இல்ல. இதுக்கு ஆணி அடிச்சிருக்காவ," என்று அவர் மனைவி பேச்சி என்னிடம் புகார் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதுவதில் அர்த்தமில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்து நான் எதையும் நேராக வாங்கினதில்லை. ரசீதை நீட்டினால், "மேஜையில வைங்கோ," என்பேன். பாஸையும் மேஜையில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கறி வாசனை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் வரும் முன் குளித்து, சந்தன சோப்பு மணக்க மணக்கத்தான் வருவார். அதுவும் எனக்குத் தெரியும்.

முதல் வருடம் சோப்பின் அளவு, தண்ணீரின் வேகம் என்று பரிசோதனையிலேயே போயிற்று. இரண்டாம் வருடம் ஈரல்கள் அழகாக வெளுக்க ஆரம்பித்தன. கண்ணாடித் தொட்டியில் வைத்து, அந்தக் குழாய் வழியாக ஆறு நாள் அலம்புவார்கள். கருஞ்சிவப்பு பழுப்பாகும், பழுப்பு மங்கலாகும், ஆறாம் நாள் பார்த்தால் வடிவம் மாறாமல் முழு ஈரலும் வெள்ளையாக, பின்னால் இருக்கும் விளக்கு தெரிகிற மாதிரி நிற்கும். குழாய்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்க்க, கடைசியில் நீலச் சாயம் ஒன்றை உள்ளே விடுவார்கள். அங்கேதான் வந்தது வினை. சாயம் கிளை கிளையாகப் பரவிக்கொண்டே போய், வலது மடலில் ஓரிடத்தில் பொத்துக்கொண்டு வெளியே கசிந்தது. ஒரு ஈரலில் இல்லை, வரிசையாக ஏழு ஈரலில்.

பத்மப்ரியா பம்பை மாற்றினாள். சோப்பை மாற்றினாள். அந்த இடத்தில் ஆட்டு ஈரலுக்கே ஏதோ பலவீனம் என்று புத்தகங்களைப் புரட்டினாள். பெண் இளைத்தே போய்விட்டாள். அவளுடைய திட்டத்தைப் பரிசீலிக்க டில்லியிலிருந்து குழு வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. கசியாத ஒரு முழு ஈரலையாவது காட்டினால்தான் வேலை தொடரும்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "உள்ளூர்க் கறிக்கடை ஈரல் சரிப்படாது. வெளி மாநிலத்தில் சான்றிதழ் உள்ள கம்பெனி ஒன்று இருக்கிறது, ஐஸில் வைத்து விமானத்தில் அனுப்புவார்கள். இந்த ஆளை நிறுத்திக் கடிதம் தயார் பண்ணுங்கள்," என்றார். கடிதம் தயார் பண்ணினேன். தேதி போடாமல் டிராயரில் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் மனசு கேட்காமல், சாயங்காலம் கிள்ளிப்பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

விஷயத்தைச் சொன்னேன். வேல்சாமி முகம் மாறிவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நாங் குடுத்த ஈரல்ல ஓட்டையா? கம்பெனிக்காரன் குடுப்பானோ, நல்ல ஈரலு? நிறுத்துங்க சாமி, அது பின்ன உங்க இஷ்டம். ஆனா எந் தம்பிக்குச் செய்யற மாதிரி நெனச்சுல்லா செஞ்சேன். ஓட்டைய எங் கண்ணுல காட்டிட்டு நிறுத்துங்க."

"அவுகளக் கூட்டிட்டுப் போயி ஒருக்கா காட்டுங்கய்யா," என்றாள் பேச்சி, மெதுவாக. "இல்லன்னா சோறு எறங்காது அவுகளுக்கு."

மறுநாள் காலை பாஸ் எழுதினேன். 'செல்லும் இடம்' கட்டத்தில் 'மூன்றாம் ஆய்வகம்' என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. வழங்குநர்கள் சரக்கு வாயிலைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதையும் தட்டச்சு செய்தவன் நான்தான். செய்தவனுக்கு மீறவும் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வேல்சாமி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்தார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஆய்வக வாசலில் நீலத் துணி உறையைச் செருப்பில்லாத காலில் மாட்டிக்கொண்டு, தரையை அழுத்தாமல் நடந்து வந்தார். பத்மப்ரியா அவருக்கு ஏழாவது ஈரலைக் காட்டினாள். தொட்டிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அவர் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"நம்ம ஊரு நுங்கு மாதிரில்லா இருக்கு," என்றார் கடைசியில். "இதா நாங் கொண்டாந்தது?"

"நீங்க கொண்டுவந்ததுதான். உள்ளே இருந்ததெல்லாம் போயாச்சு. இப்ப இங்க பாருங்கோ," என்று அவள் சாயம் கசிந்த இடத்தைக் காட்டினாள். வலது மடலில், ஓரத்திலிருந்து மூன்று அங்குலம் உள்ளே, ஒரு நீலக் கறை. வட்டமாக இல்லை, ஒரு பக்கம் சரிவாக வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது.

வேல்சாமி குனிந்து பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, கண்ணாடிக்கு வெளியில், அந்தக் கறைக்கு நேராகப் பெருவிரலை வைத்தார். கறை மறைந்துபோயிற்று. விரலை எடுத்தார், தெரிந்தது. மறுபடி வைத்தார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பத்மப்ரியா குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. அவர் பேசாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன், பதில் அவ்வளவு நன்றாக வரவில்லை.

"டாக்டரம்மா," என்றார். "இது எம் வெரலு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் காட்டினார். ஈரலை இடது கையில் ஏந்துவது, நாலு விரல் அடியில், பெருவிரல் மேலே, ஓர் அழுத்து. நல்ல ஈரல் என்றால் அமுங்கின இடம் உடனே எழுந்துவிடும். நோய் பிடித்தது, பழசு என்றால் குழி விழுந்து நிற்கும். எல்லாக் கறிக்கடைக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள், வாங்க வருகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

"மேல ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சிரும். உள்ள நசுங்கியிருக்கும்னு யாரு கண்டா? மத்த ஈரல ஒரு தரந்தான் அமுக்குவேன். இதுக்குன்னு எடுக்கறத நல்லதாத்தான் குடுக்கணும்னு ரெண்டு தரம், மூணு தரம் அமுக்குவேன் டாக்டரம்மா." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்மப்ரியா ஓடிப்போய் மற்ற ஆறு ஈரல்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகத் திறந்தாள். ஆறிலும் அதே இடம், அதே சரிவு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன், பார்த்தால் சிரிக்கிறாள்.

"ரெண்டு மாசமா என் கையிலதான் தப்புன்னு நெனச்சுண்டிருந்தேன் சார். வேலையையே விட்டுடலாமான்னு இருந்தது. வேல்சாமி அண்ணா, நீங்க சொல்லலைன்னா நான் ஜன்மத்துக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

அவர்கள் இரண்டு பேரும் தங்கள் மேல்தான் தப்பு என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபமெல்லாம் வேறு இடத்தில். முதல் ஈரல் கசிந்த அன்றே இந்த மனிதரை உள்ளே கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். முப்பது அடிக்கு மேல் விடாமல் நிறுத்தி வைத்தது யார்? என் சுற்றறிக்கை.

இனிமேல் அழுத்தாமல் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதானே என்றுதான் நினைத்தோம். குழு வருவதற்குள் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் மிச்சமிருந்தன. அழுத்தாமல் ஈரலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று வேல்சாமி யோசித்தார். ஆட்டை உயிரோடு இருக்கும்போதே பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தார். கண் இமையைத் திருப்பி, ஈறைப் பார்த்து, போட்ட புழுக்கையைப் பார்த்து. எடுக்கும் ஈரலைக் கையில் ஏந்தாமல், குளிர்ந்த உப்புத் தண்ணீர்ச் சட்டியில் நழுவவிடுவது என்றும் சொன்னார்.

முதல் செவ்வாய் காலை ஏழரைக்கு அவர் வரவில்லை. போன் வந்தது.

"சாமி, இன்னைக்கு ஈரல் இல்ல. எல்லாம் செரியாச் செஞ்சேன். சட்டியில வுடப் போறப்ப அந்த வெரலு போயி அமுக்கிட்டு. நாஞ் சொல்லல, அதுவாட்டுப் போச்சு. முப்பது வருஷத்துப் பழக்கம்லா. அத வித்துட்டேன். இங்க கொண்டாரது செரியில்ல."

குழுவுக்குக் காட்ட ஒரு ஈரல்தான் பாக்கி. இயக்குநர் மறுபடி என்னைக் கேட்டார், கடிதம் எங்கே என்று. தேதி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். முப்பது வருட சர்வீஸில் இந்த மாதிரி வாக்கியங்களை நான் நன்றாகச் சொல்வேன்.

அடுத்த செவ்வாய் வேல்சாமி சரியாக ஏழரைக்கு வந்தார். இடது பெருவிரல் உள்ளங்கையோடு சேர்த்து மஞ்சள் துணியால் கட்டப்பட்டிருந்தது. மஞ்சள் என்றால் கடையில் வாங்கின மஞ்சள் துணி இல்லை, வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு மஞ்சள் கிழங்கையும் முடிந்து கட்டினது. அடி பட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"காப்பு சாமி. எங்க ஊருல அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவோம்லா, அது மாதிரி. காலையில ஆட்டப் பாக்கறதுக்கு முன்னாலயே பேச்சியக் கட்டச் சொன்னேன். கட்டியாச்சுன்னா கொடை முடியுற வரைக்கும் அவுக்கப்படாது. நீலத்தண்ணி வுட்டுப் பாக்குற அன்னைக்குத்தான் அவுக்கணும்."

"ஆறு நாளா? கடையில வேலை?"

"வலது கையில கத்தி புடிச்சா மதி, அது போதும். இடது கையில நாலு வெரலு இருக்குல்லா."

காப்புக் கட்டினவர் கவுச்சி சாப்பிடக் கூடாது என்பதும் அந்த ஊர் வழக்கமாம். அதையும் விடவில்லை. வியாழக்கிழமை பேச்சி எனக்குப் போன் செய்து, "கறிக்கடைக்காரன் வீட்டுல நாளொண்ணுக்கு ஒரு சாம்பாரு. பிள்ளைக எங்கிட்டச் சண்டைக்கு வருது. அந்த ஈரலக் கொஞ்சம் சீக்கிரம் வெளுக்கச் சொல்லுங்கய்யா," என்றாள். என் மனைவி நாகலக்ஷ்மிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்த மனுஷர் ஒரு வாரமா நம்மாத்துச் சாப்பாடு சாப்பிடறார். ஒரு நாள் கூப்பிட்டுப் போடறதுதானே?" என்றாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். அவள் அப்படிச் சொல்வாள் என்று முப்பது வருடத்தில் நான் எதிர்பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பாஸில் இந்த முறை கை நிற்காமல் 'மூன்றாம் ஆய்வகம்' என்று எழுதினேன். ஈரல் வெளுத்து நின்றது. பத்மப்ரியா அதன் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள், கசிந்தால் அதில் நீலம் படும் என்றாள். வேல்சாமி கட்டின கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். நான் கதவோரம் நின்றேன். எனக்கு ஈரலைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் நானும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயம் உள்ளே போயிற்று. பெரிய குழாயில் நீலமாக நுழைந்து, இரண்டாகப் பிரிந்து, நாலாகி, பிறகு எண்ண முடியாத சின்னக் கிளைகளாக ஒவ்வொரு மடலிலும் ஓடியது. இடது மடல் நிறைந்தது. நடு மடல் நிறைந்தது. வலது மடலில் அந்த இடத்துக்கு வந்ததும் பத்மப்ரியா தொட்டியை ஒட்டிக் குனிந்தாள். சாயம் அங்கேயும் கிளை விட்டு, அந்த இடத்தைக் கடந்து, ஓரம் வரை போய் நின்றது.

இருபது நிமிஷம் பார்த்தோம். பத்மப்ரியா ஈரலின் அடியிலிருந்து தாளை உருவி எங்களிடம் நீட்டினாள். அதில் ஒன்றுமே இல்லை, வெறும் தாள்.

"இது கூடுதான். இனிமேதான் செல்லைக் குடிவெக்கணும். அது இதைவிடக் கஷ்டம்," என்றாள் அவள். பிறகு வேல்சாமியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மனுஷாளுக்கு வெக்கற ஈரலா இது ஆக எத்தனை வருஷமாகும்னு எனக்குத் தெரியாது அண்ணா. ஆகாமலும் போகலாம். உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது," என்றாள்.

"கொழப்பமில்ல டாக்டரம்மா. நான் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம கொண்டாரேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அவன் இருந்தா இதப் பாத்துச் சிரிச்சிருப்பான். உள்ள ஒண்ணுமேயில்லாத ஈரலுக்கா அண்ணன் இந்தப் பாடு படுதான்னு."

அவரை வெளியே அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். டிராயரைத் திறந்தபோது தேதி போடாத அந்தக் கடிதம் இருந்தது. அதன் பின்பக்கம் காலியாக இருந்ததால் கிழிக்க மனசு வரவில்லை. இந்தக் குறிப்பின் முதல் பக்கத்தை அதில்தான் எழுதினேன். வேல்சாமி பாக்கெட்டிலிருந்து ரசீதை எடுத்து, வழக்கம் போல மேஜையில் வைத்தார். பிறகு கட்டின கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமி, காப்பக் கட்டிக்கிட்டவன் தானே அவுத்துக்கப்படாது. பேச்சி வீட்டுல இருக்கா. அது வரைக்கும் இருக்கட்டும்."

என்னை அவிழ்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது. அதை நினைத்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் என்பதைவிட நல்ல வார்த்தை தேட விரும்பவில்லை.

"கையைக் கொடுங்கோ," என்றேன்.

அவர் தயங்கி நீட்டினார். கனமான கை. முடிச்சு ஆறு நாள் ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. மஞ்சள் என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. துணி கழன்றதும் அந்தப் பெருவிரல், வெளுத்துச் சுருங்கி, வெளிச்சத்தைப் பார்க்காத குழந்தை மாதிரி மடங்கியே இருந்தது. அவர் மெல்ல நிமிர்த்தி இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

பிறகு, நான் கையை விடுவதற்கு முன்னாலேயே, என் மணிக்கட்டைத் தன் இடது கையில் ஏந்திக்கொண்டார். நாலு விரல் அடியில், பெருவிரல் மேலே. என் முன்கையில் ஓர் அழுத்து அழுத்தி எடுத்து, குனிந்து பார்த்தார்.

"எந்திரிக்குது சாமி. நல்ல சரக்குதான்," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகு நான் கை அலம்பப் போகவில்லை. அவர் அழுத்தின இடம் கொஞ்ச நேரம் வெளுப்பாக, ஒரு பக்கம் சரிந்து தெரிந்தது. பிறகு அங்கேயும் இரத்தம் வந்து நிறம் மாறிவிட்டது.